முதல் பெரிய வண்டி: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஸ்போர்ட் டூரர் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூரிலிருந்து தொப்பூர் வரைக்கும், பெரிய வண்டி எடுக்க நினைக்கிற பிள்ளைகள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கம்பெனியில் சேர்ந்து சேமித்த பணம், வீட்டில் பாதிச் சம்மதம், யூடியூபில் பார்த்து மனசில் உட்கார்ந்துவிட்ட ஒரு வண்டி என்று மூன்றையும் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விலையும் மாடலும் வருஷா வருஷம் மாறும். எடை, சீட்டு உயரம், நம்ம ரோடு ஆகியவை அப்படிச் சீக்கிரம் மாறுவதில்லை. அதனால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

"ஸ்போர்ட் டூரர்னா என்னங்கண்ணா? ஸ்போர்ட்ஸ் பைக்கும் அதுவும் ஒண்ணுதானே?"

பார்க்க ஒன்று போலத் தெரியும். உட்கார்ந்தால் வித்தியாசம் புரிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும், ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி உயரமாக இருக்கும். உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். அரை மணி நேரம் சுகமாக இருக்கும், மூன்று மணி நேரத்தில் கழுத்தும் கையும் கெஞ்சும். ஸ்போர்ட் டூரரில் ஹேண்டில்பார் உயர்ந்து கைக்கு அருகில் வரும், முதுகு ஓரளவு நிமிர்ந்திருக்கும். முன்னால் ஃபேரிங்கும் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை) கண்ணாடியும் காற்றை நெஞ்சிலிருந்து விலக்கிவிடும். பின் சீட்டில் ஒரு ஆள் உட்கார முடியும், பை கட்டவும் இடம் இருக்கும்.

நம்ம ஊரில் இந்தப் பெயருக்கு முழுக்கப் பொருந்தும் வண்டிகள் குறைவு. டிரையம்ப் டைகர் ஸ்போர்ட் 660 அப்படிப்பட்டது. கவாசாகி நிஞ்ஜா 650 பெயரில் நிஞ்ஜா என்று இருந்தாலும் உட்காரும் வாகு டூரருக்கு நெருக்கம். கவாசாகி வெர்சிஸ் 650, ஹோண்டா என்எக்ஸ் 500 இரண்டும் அட்வென்ச்சர் வண்டி மாதிரி நிற்கும், ஆனால் வாங்கியவர்கள் தார் ரோட்டில்தான் ஓட்டுகிறார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் அவற்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

"மிட்-சைஸ்னா எத்தனை சிசியிலிருந்து?"

உலகக் கணக்கில் 500 முதல் 800 வரை. நம்ம ரோட்டுக்கும் நம்ம பழக்கத்துக்கும் 300 சிசியிலேயே அந்த வகை ஆரம்பித்துவிடுகிறது என்பது என் கருத்து. நான்குவழிச் சாலையில் பைக்குக்கு 80 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. அந்த வேகத்தில் நாள் முழுக்கத் திணறாமல் போய், லாரியைத் தாண்டும்போது கையில் கொஞ்சம் மிச்சமும் வைத்திருக்க 300 சிசி வண்டி தாராளம்.

"அண்ணா, நான் இதுவரைக்கும் ஸ்ப்ளெண்டர்தான் ஓட்டிருக்கேன். நேரா 650 எடுத்தா என்ன?"

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதனால் நீளமாகச் சொல்கிறேன். ஸ்ப்ளெண்டர் 8 குதிரைத்திறன், 112 கிலோ. நிஞ்ஜா 650 என்பது 68 குதிரைத்திறன், 196 கிலோ. சக்தி எட்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, எடை இரண்டு மடங்குகூட ஏறவில்லை. பழைய வண்டியில் பள்ளம் ஏறி இறங்கும்போது மணிக்கட்டு தன்னால் முறுக்கிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. இதில் அதே முறுக்கலுக்கு வண்டி முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்கம் வரை போய்விடும். கை அதைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கு ஆகும். அந்த மாதங்களை 34, 40 குதிரைத்திறன் வண்டியில் கழித்தால் தப்பு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே 18 வயதில் கிடைக்கும் ஏ2 லைசென்ஸில் 35 கிலோவாட், அதாவது சுமார் 47.6 குதிரைத்திறன் வரைதான் ஓட்டலாம். குறைந்தது இரண்டு வருஷம் அதை வைத்திருந்த பிறகுதான் பெரிய வண்டிக்கான லைசென்ஸ். ஹோண்டா என்எக்ஸ் 500, ஏப்ரிலியா ஆர்எஸ் 457 இரண்டும் ஏன் 47 சொச்சத்தில் வந்து நிற்கின்றன என்று யோசித்திருப்பீர்கள். அந்த வரம்பை மனசில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நிஞ்ஜா 650-யைக்கூட அங்கே புது ஆட்களுக்குச் சக்தியைக் குறைத்து விற்கிறார்கள்.

ஏற்கெனவே 200, 250 சிசி வண்டியை இரண்டு மழைக்காலம் ஓட்டியவர், அவசர பிரேக் போட்டுப் பழகியவர் என்றால் 650 இரட்டை சிலிண்டரை நான் தடுக்க மாட்டேன். ஸ்ப்ளெண்டரிலிருந்து நேராக என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

"அதுக்குத் தனி லைசென்ஸ் எடுக்கணுமா?"

வேண்டாம். நம்ம நாட்டில் கியர் வண்டி லைசென்ஸ் ஒன்று இருந்தால் 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். சட்டம் தடுக்காத இடத்தில் நம்மை நாமே தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் முந்தைய பதிலை அவ்வளவு இழுத்தேன்.

"அண்ணா, நான் அஞ்சடி ரெண்டு அங்குலம். எனக்கெல்லாம் இந்த வண்டி கால் எட்டுமா?"

கேட்டது ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு தங்கை. எட்டும், ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். நிஞ்ஜா 300-ன் சீட்டு சுமார் 785 மில்லிமீட்டர், நிஞ்ஜா 650 790, ஏப்ரிலியா ஆர்எஸ் 457 800, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 810. என்எக்ஸ் 500 830, டைகர் ஸ்போர்ட் 835, வெர்சிஸ் 845. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சீட்டு முன்பக்கம் ஒடுங்கியிருந்தால் 810-ம் எட்டும், அகலமாக இருந்தால் 790-லும் நுனிவிரல்தான் படும்.

ஷோரூமில் டைல்ஸ் தரையில் ஏறிப் பார்ப்பது போதாது. ஓட்டும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். வண்டியை வெளியே சரிவில் நிறுத்தச் சொல்லி உட்காருங்கள். இரண்டு காலிலும் முன்பாதம் அழுந்தப் பட வேண்டும், அல்லது ஒரு கால் முழுசாகப் பதிய வேண்டும். பிறகு இறங்கி, வண்டியைக் கையால் தள்ளி ரிவர்ஸ் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். புது ஆட்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் ஓடும்போது அல்ல. டீக்கடை முன்னால் ஜல்லியில் நிறுத்தும்போது, ரோட்டோரச் சரிவில் யூ-டர்ன் அடிக்கும்போது. 170 கிலோ சாய்ந்தால் பிடித்துவிடலாம். 219 கிலோ வெர்சிஸ் ஒரு கோணத்தைத் தாண்டிச் சாய்ந்தால் பிடிக்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். இடுப்பு போனால் திரும்ப வராது.

ஸ்பேசர் போட்டு, லிங்க் மாற்றி வண்டியைத் தாழ்த்தித் தருகிறோம் என்பார்கள். அதில் வண்டியின் வளைவுப் பழக்கமே மாறும், சைடு ஸ்டாண்டு கோணமும் தவறிப்போகும். சீட்டு ஃபோமை ஓரங்களில் கொஞ்சம் செதுக்குவது இதைவிட நல்லது.

"ஒரு சிலிண்டர், ரெண்டு சிலிண்டர், நாலு சிலிண்டர்ங்கறாங்க. எனக்கு எது?"

ஒற்றை சிலிண்டர் எடை குறைவு, செலவு குறைவு, மெக்கானிக்குக் கை பழகியது. நீண்ட நேரம் ஒரே வேகத்தில் போனால் ஹேண்டிலிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வு தெரியும். இரட்டை சிலிண்டர் 80, 90 வேகத்தில் தூங்குகிற மாதிரி ஓடும், நீண்ட தூரத்துக்கு அதுதான் பொருத்தம். நிஞ்ஜா 650-யின் 64 நியூட்டன்மீட்டர் இழுவிசை நிமிடத்துக்கு 6,700 சுழற்சியிலேயே உச்சத்துக்கு வந்துவிடும், அதற்கு வெகு கீழேயே தேவையான இழுவை கிடைக்கும். கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

நாலு சிலிண்டர் வண்டியின் சத்தத்தில் மயங்கி வருபவர்கள் நிறைய. ஹோண்டா சிபிஆர் 650ஆர் மாதிரி வண்டியில் உச்ச சக்தி 12,000 சுழற்சியில்தான் இருக்கிறது. அதை ருசி பார்க்க வேண்டுமானால் நம்ம நான்குவழிச் சாலையில் போகக் கூடாத வேகத்துக்குப் போயாக வேண்டும். புது ஆளுக்கு அந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

"சுத்தி வளைக்காம நாலு வண்டி பேர் சொல்லுங்கண்ணா."

கையில் 3 லட்சத்தை ஒட்டிப் பணம் இருந்தால் அப்பாச்சி ஆர்ஆர் 310. நம்ம ஓசூரிலேயே தயாராகிறது. 174 கிலோ. புதிய பதிப்பில் 38 குதிரைத்திறன், டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இருக்கிறது. தாழ்வாகப் பொருத்திய கிளிப்-ஆன் ஹேண்டில் கொஞ்சம் குனிய வைக்கும், டேங்க் 11 லிட்டர்தான். அதே கம்பெனி 2025-ல் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 நிமிர்ந்து உட்காரப் பிடித்தவர்களுக்கு. நிஞ்ஜா 300 பழைய வடிவமைப்புதான், டிராக்‌ஷன் கண்ட்ரோல் கிடையாது. ஆனாலும் அந்த விலையில் இரட்டை சிலிண்டரும் 17 லிட்டர் டேங்கும் வேறு எதிலும் கிடைப்பது அரிது. ஃபேரிங் வேண்டாம், தூரம் போனால் போதும் என்பவர்கள் பஜாஜ் டொமினார் 400 பார்க்கலாம். 40 குதிரைத்திறனுக்கு 193 கிலோ கொஞ்சம் கனம், ஆனால் நெடுஞ்சாலையில் அசையாமல் நிற்கும்.

இன்னும் மேலே போக முடியும் என்றால் என்எக்ஸ் 500. 471 சிசி இரட்டை சிலிண்டர், 17 லிட்டருக்கு மேல் டேங்க், மிரட்டாத எஞ்சின். புது ஆளுக்கு நான் மனசாரச் சொல்லும் வண்டி இதுதான். ஒரே குறை உயரம். 7 லட்சத்துக்கு மேல் நிஞ்ஜா 650, அதற்கு மேல் வெர்சிஸ், டைகர் ஸ்போர்ட். இவை யாருக்கு என்பதை 650 கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

"350-க்கு மேல வரி ஏத்திட்டாங்களாமே, நெசமா?"

நிஜம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு முன்பு 28-ம் செஸ் 3-ம் சேர்ந்து 31 சதவீதம் இருந்தது, இப்போது 40. ஆக 350 என்ற கோட்டின் இரு பக்கமும் 22 சதவீத வித்தியாசம் விழுந்துவிட்டது. அதோடு தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குச் சாலை வரி 12 சதவீதம், அதுவும் விலையோடு சேர்ந்து ஏறும்.

இன்சூரன்ஸிலும் அதே கோடுதான். 2022-ல் அறிவித்த விகிதப்படி மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804. புது வண்டிக்கு அதை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். முதல் பெரிய வண்டியை 350-க்குள் முடித்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம். மிச்சமாகும் பணத்தில் ஹெல்மெட், ஜாக்கெட், இரண்டு வருஷ சர்வீஸ் எல்லாம் அடங்கிவிடும்.

"சர்வீஸுக்கு பெங்களூரு போகணும்ங்கறாங்க. அது பெரிய தொந்தரவா?"

தூரம் தொந்தரவு இல்லை, நாள் தொந்தரவு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். காலையில் விட்டால் சாயங்காலம் தருவார்கள் என்று போவீர்கள், ஒரு பார்ட்ஸ் இல்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும். நீங்கள் பஸ்ஸில் திரும்புவீர்கள். தருமபுரிக்காரர்கள் சேலத்தையும் பெங்களூரையும் இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் சர்வீஸ் மேனேஜரிடம் நேரில் மூன்று விஷயம் கேளுங்கள். பிரேக் லீவர், கிளட்ச் லீவர், முன் பிரேக் பேட் கையிருப்பில் இருக்கிறதா. பின் டயர் என்ன விலை, எத்தனை நாளில் வரும். வால்வ் கிளியரன்ஸ் (எஞ்சின் வால்வின் இடைவெளி) பார்க்க எவ்வளவு ஆகும். சேல்ஸ் ஆள் பதில் சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள். 300 சிசி வண்டியாக இருந்தாலும் உங்கள் பக்கத்து டீலரிடம் அதற்குப் பழகிய மெக்கானிக் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள், எல்லாக் கிளையிலும் இருப்பதில்லை. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் (மசகு எண்ணெய்) அடிப்பது, காற்று பார்ப்பது இரண்டையும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

"தொப்பூர் எறக்கத்துல பெரிய வண்டி பயமா இருக்குமா?"

வண்டியைப் பற்றிப் பயம் வேண்டாம், லாரியைப் பற்றி எப்போதும் வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் நீண்ட இறக்கம். வடக்கேயிருந்து லோடு ஏற்றிவரும் லாரிகள் பிரேக்கிலேயே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். அங்கே நடக்கும் பெரிய விபத்துகள் பலவும் இப்படித்தான், பின்னாலிருந்து வரும் வண்டி நிற்க முடியாமல் முன்னால் நிற்பதை அள்ளிக்கொண்டு போகும். அதனால் இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு கியர் குறைத்து எஞ்சின் பிடியிலேயே இறங்குங்கள். கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சூடேறிய பிரேக்கின் கருகல் வாசனை ஹெல்மெட்டுக்குள் வந்தால், அந்த லாரிக்கு முன்னால் நிற்கவே கூடாது, ஒதுங்கி அதை முன்னால் விடுங்கள். லேனின் நடுவில் எண்ணெய் ஒழுகி மினுங்கும், மழை தூறினால் அதுதான் வழுக்கும். டயர் ஓடும் தடத்திலேயே இருங்கள்.

வண்டி தேர்வுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், இரட்டை சேனல் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது இரண்டு சக்கரமும் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம், ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் நல்லது. அவசரமாகக் கியர் குறைக்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆடாமல் அது பார்த்துக்கொள்ளும். வேகக் கணக்கு ஒன்றையும் மனசில் வையுங்கள். 80-ல் 30 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, அதே பிரேக்கில் 120-லிருந்து நிற்க 67 மீட்டருக்கு மேல் வேண்டும். எந்த விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

"வாரா வாரம் பெங்களூரு போய் வரணும். 650 சுகமா இருக்குமா?"

ஓசூர் வரைக்கும் சுகம். அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா நெரிசலில் தெரியும் சங்கதி. ரேடியேட்டர் ஃபேன் சுழன்றால் சூடான காற்று முழங்காலுக்கு வரும், கிளட்ச் கை கடுக்கும். வாராவாரம் அதில் போகிறவருக்கு எடை குறைந்த 300, 400 சிசி வண்டிதான் உடம்புக்கு ஒத்து வரும். சூளகிரி, குருபரப்பள்ளி பக்கம் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுபவர்கள், எதிர்த்திசையில் வரும் மொபெட்டுகள், மாங்காய் சீசனில் இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர்கள். இந்த ரோட்டில் நல்ல முகப்பு விளக்குக்குத் தனி மதிப்பெண் போடுங்கள்.

நல்ல சேதி ஒன்று: தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் இல்லை.

"வீட்டுக்காரியையும் உக்கார வச்சுக்கிட்டு திருவண்ணாமலை போகலாமா?"

அவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். ஆர்ஆர் 310, ஆர்எஸ் 457 மாதிரி வண்டிகளில் பின் சீட்டு ஒரு கை அகலத்துக்கு உயரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும், பிடித்துக்கொள்ளவும் வாகாக இருக்காது. ஊத்தங்கரை தாண்டுவதற்குள் அவர் இறங்கிவிடுவார். இருவர் பயணமே முக்கியம் என்றால் என்எக்ஸ் 500, வெர்சிஸ், டைகர் ஸ்போர்ட், குறைந்த விலையில் டொமினார். பின்னால் ஆள் ஏறும்போது பின் சஸ்பென்ஷன் பிரீலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) கூட்டி, டயர் காற்றை மேனுவலில் இருவருக்குப் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் விளக்கு வானத்தைப் பார்க்கும், முன் சக்கரம் லேசாகிவிடும். ஹெல்மெட் இருவருக்குமே சட்டப்படி கட்டாயம்.

"ஒகேனக்கல், அஞ்செட்டி காட்டு ரோட்டுக்கு அட்வென்ச்சர் பைக்தான் வேணுமா?"

வேண்டாம். தார் ரோடுதான், ஃபேரிங் வண்டியில் நிதானமாகப் போகலாம். வேகத்தடைகளில் அடிப்பாகம் இடிக்காத அளவு உயரம் இருந்தால் போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காவிரி வடக்கு சரணாலயத்தை ஒட்டிய காடு, யானை நடமாட்டம் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்த வழியை விட்டுவிடுங்கள். ரோட்டில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். கனமான வண்டியை அந்த ஒடுங்கிய ரோட்டில் ஒரே மூச்சில் திருப்ப முடியுமா என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

"பெங்களூருல கேஏ வண்டி சீப்பா கெடைக்குது, செகண்ட்ஸ்ல எடுக்கலாமா?"

எடுக்கலாம், மொத்தக் கணக்கைப் போட்டுவிட்டு. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி தமிழ்நாட்டு எண் வாங்கியாக வேண்டும். அங்கே படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), விற்பவர் கையெழுத்திட்ட 29, 30, இங்கே புது எண்ணுக்கு 27. வண்டியின் வயசுக்கு ஏற்ப நம்ம மாநில வரி தனி. கர்நாடகத்தில் கட்டியதில் மீதி காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம், அலைச்சல் உண்டு. லோன் பாக்கி இருந்தால் ஆர்சியில் வங்கி பெயர் இருக்கும், அது நீங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வண்டியைப் பார்க்கும்போது எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும், நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கும் இரும்பு முட்டுகளைப் பாருங்கள். நசுங்கியோ புதுப் பெயிண்டோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. முன் ஃபோர்க் குழாயில் விரலால் தடவுங்கள், எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்து வருஷம் தாண்டிய டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். 2023-க்கு முந்தைய வண்டி என்றால் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஏற்றதா என்று அந்த மாடலின் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

"வண்டிக்கே பணம் சரியாப் போயிரும். ஜாக்கெட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமா?"

கூடாது. அப்படியென்றால் ஒரு படி குறைந்த வண்டியை எடுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் சேர்த்து 20,000 முதல் 25,000 ரூபாயை வண்டி பட்ஜெட்டிலிருந்தே முதலில் ஒதுக்குங்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் தலைக்குப் பொருந்துவது. பட்டையைப் பூட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தூக்கிப் பாருங்கள், கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கில்லை. நம்ம சித்திரை வெயிலுக்கு மெஷ் ஜாக்கெட் வாங்கினால்தான் தினமும் போடுவீர்கள்.

"தம்பி, எம் பையன் பெரிய வண்டிதான் வேணும்ங்கறான். வேண்டாம்னு நீங்களாவது சொல்லுங்களேன்."

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மா கேட்டது இது, அவர் மாதிரி பலரும் கேட்கிறார்கள். அம்மா, வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நண்பனின் வண்டியை வாங்கி, ஹெல்மெட் இல்லாமல், இரவில் ஓட்டுவான். அது இன்னும் ஆபத்து. நிபந்தனை போட்டு வாங்கிக் கொடுங்கள். 350 சிசிக்குள், ஏபிஎஸ் உள்ள வண்டி. ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் வாங்கிய பிறகுதான் சாவி. முதல் ஆறு மாதம் ராத்திரி நெடுஞ்சாலை கிடையாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. பையனுக்கு நான் சொல்வதும் இதேதான். அம்மா முன்னால் சொன்னதை, தனியாக இருக்கும்போது மாற்றிச் சொல்ல மாட்டேன்.

"300 எடுத்தா ஆறு மாசத்துல சலிச்சுரும், அப்புறம் விக்கும்போது நட்டம். நேரா பெருசா எடுக்கறதுதானே லாபம்?"

கணக்காகப் பார்த்தால்கூட அப்படி வராது. புது வண்டியில் மதிப்பு அதிகம் விழுவது முதல் வருஷத்தில். 3 லட்சத்தில் விழுவதும் 8 லட்சத்தில் விழுவதும் ஒன்றில்லை. பயந்துபோய் ஒரு வருஷத்தில் 650-ஐ விற்றவர்களின் நட்டம்தான் பெரிசு. நட்டம் வேண்டாம் என்றால் இரண்டு, மூன்று வருஷம் ஓடிய 300 சிசி வண்டியை எடுங்கள், மேலே சொன்ன சோதனைகளோடு. ஒன்றரை வருஷம் கழித்து விற்றாலும் பெரிய இழப்பு இருக்காது.

சலிப்பு விஷயம் வேறு. நேர் ரோட்டில் முழுசாக முறுக்கிப் பார்த்தால் எந்த வண்டியும் சலிக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை நிதானமாக, பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்து, ஒரே சீரான ஆக்சிலேட்டரில் ஏறிப் பழகுங்கள். அதைச் சுத்தமாகச் செய்ய 300 சிசி வண்டியில் எவ்வளவு கற்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

"டெஸ்ட் ரைடுல என்ன பாக்கணும்? டெலிவரி எடுத்த அன்னைக்கே லாங் போலாமா?"

ஷோரூம் தெருவை ஒரு சுற்று சுற்றுவது டெஸ்ட் ரைடு இல்லை. குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். நடந்து போகும் வேகத்தில் யூ-டர்ன் போடுங்கள், நெரிசலில் ஓட்டுங்கள், 80-ல் கண்ணாடியில் பின்னால் வருவது தெளிவாகத் தெரிகிறதா அல்லது அதிர்ந்து மங்குகிறதா என்று பாருங்கள். ஃபேரிங்கைத் தாண்டும் காற்று நெஞ்சில் படுகிறதா, ஹெல்மெட்டை ஆட்டுகிறதா என்று கவனியுங்கள். தலையை ஆட்டினால் 200 கிலோமீட்டரில் கழுத்து வலிக்கும். அப்படி ஓட்டத் தராத இடத்தில் 5 லட்ச வண்டி வாங்க அவசரப்பட வேண்டியதில்லை.

டெலிவரி அன்றே லாங் வேண்டாம். புது டயரில் மேல்பூச்சு வழவழப்பாக இருக்கும், முதல் 100, 150 கிலோமீட்டர் சாய்க்காமல் ஓட்டுங்கள். பிரேக் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். எஞ்சினை மேனுவலில் சொன்ன சுழற்சிக்குள் வைத்து முதல் சர்வீஸை முடியுங்கள். இடையில் ஒரு ஞாயிறு காலை காலியான மைதானத்துக்குப் போய் 30, 40, 50 வேகத்தில் முன் பிரேக்கை அழுத்தி ஏபிஎஸ் லீவரில் துடிப்பது எப்படி இருக்கும் என்று கைக்குக் காட்டிக்கொடுங்கள். அந்தத் துடிப்பை முதன்முதலில் லாரிக்குப் பின்னால் உணர்பவர்கள் பயந்து பிரேக்கை விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை ஒரு பகல் போய் வாருங்கள். கையும் கழுத்தும் சீட்டும் ஒத்து வந்தால், அடுத்தது சேலம் தாண்டி ஏற்காடு.